வண்டி வற்றப் பவுடர்ப் பேணி வேண்டாம். கதிரையும் கயிறும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிறையையும் வண்டியையும் (தொப்பையையும்) குறைப்பதாக, ‘முப்பது நாளில் பத்துக் கிலோ’ என்று பவுடர்ப் பேணியோடும் மூலிகைத் தேயிலைப் பைக்கற்றோடும் வருகிற விளம்பரங்களுக்குப் பத்திரிகைகள் தாராளமாக இடம் தருகின்றன. அதே அளவு இடத்தை ஒருமுறை எங்களுக்கும் தாருங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. முப்பது நாளில் பத்துக் கிலோ கொழுப்புக் கரைய வேண்டுமென்றால் நாளுக்கு 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் நாள் முழுவதும் செலவழிக்கும் சக்தியே பெரும்பாலும் அவ்வளவு வராது. அதாவது ஒரு மாதம் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் அந்த வாக்குறுதி நிறைவேறாது. பிறகு எப்படித் தராசு முள் இறங்குகிறது? மெலிவுத் தேயிலை பலவற்றில் நிலாவாரை போன்ற பேதி மூலிகை இருக்கும். போவது வயிற்றிலுள்ளதும் தண்ணீரும்தான்; இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். இதைவிட மோசமானதும் உண்டு. சிபுற்றமின் என்ற பசியடக்கி மருந்து இதயத்துக்கு ஆபத்தென்று 2010 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ‘இயற்கை’ என்று ஒட்டி விற்கப்படும் மெலிவுப் பொருட்களில் அது கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். மாதத்துக்கு இரண்டு கிலோ என்றால் விளம்பரத்தில் போட எடுபடாது, ஆனால் அது இரண்டு நாளில் திரும்பி வருகிற தண்ணீர் அல்ல.

தராசு இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு கயிறு எடுங்கள். உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி எட்டாவிட்டால் கொழுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது. அளக்கும்போது வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். நாடா இருப்பவர்கள் இப்படிப் பார்க்கலாம்: தெற்காசியருக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றரும் பெண்களில் 80 சென்ரிமீற்றரும் எல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். நிறையை நாளாந்தம் பார்ப்பது மனதைக் கெடுக்கும். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏற்றி இறக்கும்.

இனிச் சாப்பாடு. குரக்கன் புட்டு, சிவப்பரிசிப் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. நார்ச்சத்து கூடத்தான், ஆனால் கலோரியில் கோதுமை மாப் புட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, தேங்காய்ப்பூ சேர்ந்தால் இன்னும் கூடும். எந்த மா என்பதைவிட எத்தனை அகப்பை என்பதே கேள்வி. கோப்பையில் பாதியை மரக்கறியும் இலைக்கறியும் பிடிக்கட்டும். கால்வாசி சோறோ புட்டோ. மீதிக் கால்வாசியில் மீன், முட்டை, பயறு, கௌபி, கடலை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கிடைக்கிற ஊர் இது. குளத்து மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6. நிறை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பது இந்தப் புரதமும் பின்னால் சொல்லும் பயிற்சியும்தான். அதற்குப் புரதப் பவுடர் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

ஆனால் வன்னியில் வண்டியை வளர்ப்பது சோற்றுக் கோப்பையை விடத் தேத்தண்ணிக் கோப்பை என்பதே எங்கள் கணிப்பு. ஒரு தேத்தண்ணிக்குக் குவித்து மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி. கரண்டி 5 கிராம் என்று வைத்தாலும் 75 கிராம் சீனி, 300 கலோரி. இதைச் செலவழிக்க 65 கிலோ நிறையுள்ளவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விரைவாக நடக்க வேண்டும். வயலுக்குப் போகிறேன், தோட்டம் கொத்துகிறேன், ஆனாலும் வண்டி வைக்கிறதே என்று கேட்பவர்களுக்கான விடை பெரும்பாலும் இந்தக் கரண்டிக்குள் இருக்கிறது. மீதி விடை கிணற்றடி மோட்டரிலும் முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் நாலாம் நாள் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். ஒரு தேத்தண்ணிக்கு, வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஆறு வாரத்தில் நாக்குப் பழகிவிடும். பனங்கட்டிக்கு மாறினால் சரி என்பதும் பிழை. அதுவும் பெரும்பகுதி சீனிதான். அதைச் சிறு துண்டாகக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தால் அளவு குறையும். கரைத்துக் குடித்தால் ஒன்றும் குறையாது.

சோடாப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலொன்றில் ஒன்பது கரண்டி! ஆண்களுக்கு ஒரு வார்த்தை: 8.8 வீத பியர் பெரிய போத்தல் ஒன்றில் மதுசாரம் மட்டுமே 300 கலோரி. கூடவே வரும் பொரியலைக் கணக்கில் எடுக்கவில்லை.

நடைக்கு வருவோம். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். இதைப் படித்துவிட்டு முதல் நாளே ஒரு மணித்தியாலம் ஓடுபவர் மூன்றாம் வாரம் வீட்டில் இருப்பார். இதயமும் மூச்சும் சில வாரத்தில் பழகும். தசைநாரும் மூட்டும் பழக மாதங்கள் எடுக்கும். மனம் போகிற வேகத்துக்குக் குதிக்கால் தசைநார் ஈடுகொடுக்காது. ஆகவே முதல் இரண்டு வாரம் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அடுத்தவர் சிரிக்கும் அளவுக்குக் குறைவாகத்தான் தெரியும், தெரியட்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேளைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வேகம் சரியா என்று அறிய வாயைத் திறந்து பாருங்கள்: கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது உலாத்தல்.

எங்கே, எப்போது என்பதும் முக்கியம். சோளகம் வீசும் மாதங்களில் காலை ஏழரைக்குப் பிறகு வெயில் சுடும். மாலை ஐந்துக்கு முன் வெளிக்கிடாதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற காட்டோர ஊர்களில் நிலம் வெளிக்க முன் தனியே நடக்க வேண்டாம், யானை நிற்கும். ஏ9 வீதியில் நடப்பவர்கள் வலக்கரையில், வாகனத்தை எதிர்கொண்டு நடக்க வேண்டும். இடக்கரையில் நடந்தால் பின்னால் வரும் பேருந்து உங்கள் கண்ணில் படாது. இரணைமடு போன்ற குளக்கட்டுகள் நல்ல இடம், ஆனால் புல் வளர்ந்த ஓரத்தை விட்டு நடுவால் போங்கள். இறப்பர்ச் செருப்போடு கிரவல் வீதியில் விரைந்து நடந்தால் அது கழன்றுவிடாமல் பிடிக்கக் கால்விரல்கள் இறுகிக்கொண்டே இருக்கும். கெண்டைக்காலும் முன்காலெலும்பும் நோவது அதனால்தான். பின்வார் உள்ள பாதணியாவது வேண்டும். மாரியில் வீட்டு விறாந்தையில் நின்ற இடத்திலேயே முழங்காலை இடுப்பளவு தூக்கி நடக்கலாம்.

உடம்பு இறுகி அமைவது நடையால் மட்டும் வராது. தசைப் பயிற்சி ஒன்றுவிட்ட ஒருநாள், 15 நிமிடம் போதும். பெண்களுக்கு ஆண்களைப் போல் புடைத்துவிடும் என்ற பயம் வீண். அதற்கான ஓமோன் அளவு பெண்களுக்கு இல்லை.

கதிரையில் இருந்தெழும்புவது முதற்பயிற்சி. பிளாஸ்ரிக் கதிரையைச் சீமெந்து நிலத்தில் தனியே வைக்காதீர்கள், சறுக்கும். சுவரோடு அணையுங்கள். கால்கள் தோளகலம். முன்பக்கம் சற்றுச் சாய்ந்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வந்ததும் குதிக்காலை ஊன்றி எழும்புங்கள். இறங்கும்போது மூன்று எண்ணி இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். எட்டுத் தடவை, ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் எட்டு. முழங்கால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் பிட்டத்துத் தசை பலவீனமாக இருக்கலாம். அப்படிச் சரிய விட்டுக்கொண்டே தொடர்ந்தால் முழங்கால் நோவு வரும். முடியாதவர் கதிரையில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். 12 தடவையாக மூன்று சுற்று இலகுவானால் நெஞ்சோடு ஒரு போத்தலை அணைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. கடையில் டம்பெல் வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது சுவரைத் தள்ளுதல். ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு மட்டத்தில், தோளைவிடச் சற்று அகலமாக வையுங்கள். தலையிலிருந்து குதிக்கால் வரை ஒரே பலகை போல நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். தோள் நோந்தால் கை உயரத்தில் இருக்கிறது; இறக்குங்கள். பழகியபின் உறுதியான திண்ணைக்கு மாறலாம், கிணற்றுக்கட்டுக்கு மட்டும் வேண்டாம்! பிறகு பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணும் வரை பிடித்தல். நாரிநோவு உள்ளவருக்கும் பெரும்பாலும் ஒத்துவரும் பயிற்சி இது. பின்தொடை பிடித்து இழுத்தால் பாதங்களை உடம்புக்கு அருகே கொண்டுவாருங்கள். கடைசியாக, இரு கையிலும் ஐந்து லீற்றர் தண்ணீர் வாளியோடு நிமிர்ந்து இருபது அடி நடை. ஒரு வாளியை மட்டும் தூக்கிச் சரிந்து நடப்பதுதான் நாரியைப் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பொதுவான பிழை மூச்சை அடக்குவது. இரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக வெளியே போகும்.

படுத்தெழும்பும் பயிற்சியை நாளுக்கு நூறு தடவை செய்தால் வண்டி வற்றும் என்று நம்புவோருக்கு: வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேலுள்ள கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது. உடம்பு முழுவதிலிருந்தும் தன் பாட்டுக்குத்தான் கரையும். தொடங்குபவருக்கு அது நாரியையும் கழுத்தையும் கெடுக்கும். பொலித்தீன் சுற்றிக்கொண்டு வியர்க்க நடப்பதும் இதே இனம். வியர்வை கொழுப்பல்ல. வவுனியா போல நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பகுதியில் நீர்வறட்சியோடு, உடல் நோவுக்கென்று டைக்குளோபினக் போன்ற குளிசையும் போடுவது சிறுநீரகத்தை நேரே தாக்கும் வழி. புதிதாகப் பயிற்சி செய்பவருக்கு இரண்டாம் நாள் தசை நோவது வழமை. சில நாளில் தானே மாறும். மூட்டு வீங்கினாலோ, நோவு நாளுக்கு நாள் கூடினாலோதான் வைத்தியசாலை.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே சாப்பிட மூன்று கரண்டி சீனியைப் பொட்டலமாகக் கொண்டுபோங்கள். சீனியைத் திட்டிய நாங்களே இதைச் சொல்கிறோம். பாதம் மரத்தவர் கோயில் வீதியிலும் வெறுங்காலோடு நடைப்பயிற்சி செய்ய வேண்டாம். நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் நோவு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவி கேளுங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் தொடங்குமுன் அரச வைத்தியசாலைகளில் இயங்கும் சுகவாழ்வு நிலையத்தில் அழுத்தமும் சீனியும் பார்த்துக்கொள்ளலாம், பணம் இல்லை.

செயற்கைக் காலோடு வாழ்பவர்கள் எங்கள் ஊர்களில் பலர். உடற்பயிற்சிக் குறிப்பு எழுதுபவர்கள் அவர்களை மறந்துவிடுகிறார்கள். கதிரையில் இருந்தபடியே போத்தலை இரு கையாலும் மாறி மாறித் தலைக்கு மேல் தள்ளுதல், கதிரைக் கையைப் பிடித்து உடம்பை உயர்த்துதல், கைகளால் வேகமாகக் குத்துவது போல மூன்று நிமிடம் அசைத்தல், இவை மூச்சை வாங்க வைக்கப் போதும். ஒன்று கவனம்: நிறை சில கிலோ குறைந்தால் செயற்கைக் காலின் கிண்ணம் தளர்ந்து தோலை உரசும். சிவப்பு அடையாளம் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் காலைக் கழற்றி, செய்து தந்த இடத்தில் காட்டித் திருத்துங்கள்.

பெண்களுக்கு இன்னொரு தடை உண்டு, அது உடம்பில் இல்லை. மாலையில் ஒரு பெண் வேகமாக நடந்தால் ‘எங்கே அவசரமாய்?’ என்று நாலு வாசலில் கேள்வி வரும். மூன்று நாலு பேராகச் சேர்ந்து போவது இதற்கு ஓரளவு மருந்து. பாதுகாப்பான மைதானம் இன்னும் நல்ல மருந்து. ஆனால் பொது மைதானங்கள் பல மாலையானதும் பூட்டிக் கிடக்கின்றன. போட்டி நடக்கும் நாளில்தான் கதவு திறக்கும். பிரதேச சபைகள் ஓடுபாதை போட வேண்டாம், இயந்திரங்கள் பூட்ட வேண்டாம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை கதவைத் திறந்து, வாசலில் ஒரு விளக்கைப் போடட்டும். அதுவும் முடியாதென்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்றாவது கதவில் எழுதி ஒட்டட்டும். மிச்சத்தை எங்கள் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி, இயன்மருத்துவத் துறைகளைச் சேர்ந்த இருவர்,
கிளிநொச்சி.