அபராதத்துக்கான சிறை நாள்களைக் கணக்கிடுவது எப்படி?

ஆசிரியருக்கு,

'3 ஆண்டு சிறை, ரூ.10,000 அபராதம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதம்' என்ற தீர்ப்புச் செய்தியைப் படிக்கும் குடும்பத்தார் பலர், ஆள் வெளியே வரும் நாளைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள்.

விசாரணைக் கைதியாக 14 மாதம் உள்ளே இருந்தவருக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 468ஆவது பிரிவின்படி அந்த 14 மாதம் கழியும். மீதி 22 மாதம். ஆனால் அபராதத்துக்கான 6 மாதத்தில் இந்தக் கழிவு கிடையாது. பணம் கட்டாவிட்டால் அது தனியாக, கடைசியில் சேரும். ஆக 28 மாதம். பாதிப் பணம் கட்டினாலும் பலன் உண்டு: பாரதிய நியாய சன்ஹிதா (குற்றத் தண்டனைச் சட்டம்) 8ஆவது பிரிவின்படி அந்த 6 மாதத்தில் 3 மாதம் முடிந்ததும் விடுவிக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

அதே வழக்கில் இருந்த காவல் மட்டுமே கழியும் என்பதையும் கவனிக்க வேண்டும். வேறொரு வழக்கில் சிறையில் இருப்பவரை இந்த வழக்கில் முறைப்படி கைது காட்டாமல் விட்டால், அந்த நாள்கள் கணக்கில் வருவதில்லை.

சிக்கல் பெரும்பாலும், தண்டனையை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் சிறைக்கு அனுப்பும் வாரண்டில்தான். 'காவலில் இருந்த காலம் கழிக்கப்படும்' என்று மட்டும் எழுதினால் போதாது. கைதான தேதி, ஜாமீனில் சென்ற தேதி, மீண்டும் காவலுக்கு வந்த தேதி ஆகிய மூன்றும் வேண்டும். இல்லையென்றால் சிறை அலுவலகம் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டுக் காத்திருக்கும். தீர்ப்பன்றே வழக்கறிஞர் வாரண்டைச் சரிபார்த்து, விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லலாம்.

– ஒரு வாசகர்