மைதானம் தெரியாது என்பது சரி, வகுப்பறை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியிருப்பது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பகிர்ந்து தரலாம் என்பதை விளக்கிய கட்டுரையாளர், அதை மேற்பார்வையிட வேண்டிய பல்கலைக்கழகத் தலைவருக்கு அதற்கான அறிவும் அதிகாரமும் இருக்கின்றனவா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

விளையாட்டுத் துறையின் கடிவாளம் தலைவரின் கையில்தான் இருக்க வேண்டும் என்று, கல்லூரி விளையாட்டைச் சீர்திருத்துவதற்காக அமைக்கப்பட்ட நைட் ஆணையம் 1991-இல் பரிந்துரைத்தது. அதன் பிறகு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாகமே தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அதே ஆணையம் 2009-இல் தலைவர்களைக் கேட்டபோது, பயிற்சியாளர்களின் சம்பளம் மிதமிஞ்சிப் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டவர்கள், அதைக் குறைக்கத் தங்களால் ஆவது அதிகமில்லை என்றும் சொன்னார்கள்.

இந்த இயலாமையை வெளிப்படையாகப் பேசியவர்களில் முக்கியமானவர் ஹோல்டன் தார்ப். வேதியியல் அறிஞரான அவர் 2008-இல் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சான்சலர் ஆனார் (அங்கே சான்சலர் என்பவர் நம் ஊர்த் துணைவேந்தரைப் போல முழுநேர நிர்வாகி). அமெரிக்கக் கால்பந்து அணி மீதான விசாரணைகளும் அவற்றைத் தொடர்ந்து வெளிவந்த பாடத்திட்ட முறைகேடுகளும் அவரது பதவிக்காலத்தையே விழுங்கிவிட்டன. 2013-இல் பதவியிலிருந்து விலகும் தறுவாயில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒன்று, பொறுப்பை விளையாட்டுத் துறை இயக்குநர்களிடமே திருப்பிக் கொடுத்து, தவறு நடந்தால் அவர்களைக் கேளுங்கள்; இல்லையென்றால், தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வேலையில் விளையாட்டுதான் முதன்மையானது என்று அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

விளையாட்டு நிர்வாகம் தமக்குத் தெரிந்த துறை அல்ல என்று ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன முதல் வழியை அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்பதை பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணையின் முடிவில் 2014-இல் வெளியான வெயின்ஸ்டீன் அறிக்கை விரிவாகச் சொல்கிறது. ஒரே ஒரு துறையில், 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காத பாடங்கள் நடந்தன. பருவ முடிவில் மாணவர் ஒரு கட்டுரையைக் கொடுத்தால் போதும். அதைப் பேராசிரியர் அல்ல, துறை அலுவலகப் பணியாளர் ஒருவரே திருத்தித் தாராளமாக மதிப்பெண் போட்டார். இப்படிப் பயனடைந்த 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அந்தப் பணியாளர் 2009-இல் ஓய்வுபெற்றதும் பதறிப்போன, வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் கல்வி ஆலோசகர்கள், கால்பந்துப் பயிற்சியாளர்களைக் கூட்டி, வகுப்புக்கு வராமலும் குறிப்பெடுக்காமலும் தேறக்கூடிய பாடங்கள் இனி இல்லை என்று திரையில் போட்டே காட்டினார்கள். இதில் மைதான நுணுக்கம் எங்கே இருக்கிறது? ஆசிரியர் இல்லாத பாடத்தைக் கண்டுபிடிப்பது எந்த வேதியியல் பேராசிரியருக்கும் தெரிந்த வேலைதான். கடைசியில் 2017-இல் என்.சி.ஏ.ஏ.யும், அந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதால் தன் விதிகள் மீறப்பட்டதாக முடிவுகட்ட இயலவில்லை என்று கைவிரித்துவிட்டது.

ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதோடு, தெரிந்தது எதுவோ அதைப் பிறரிடம் விட்டுக்கொடுக்காமலிருப்பதும் ஒரு தலைவரின் கடமை என்று கருதுகிறேன். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது, ஒளிபரப்பு ஒப்பந்தம் பேசுவது போன்றவற்றை இயக்குநரிடம் விடலாம். மதிப்பெண், பாடப்பதிவு, மாணவரின் உடல்நலம் ஆகியவற்றை விட முடியாது.

அதிகாரத்தின் எல்லை வேறு விஷயம். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத் தலைவர் ரே வாட்ஸ், செலவு தாங்காது என்று 2014 டிசம்பரில் கால்பந்து அணியைக் கலைத்தார்; ஊரும் நன்கொடையாளர்களும் கொதித்தெழ, ஆறே மாதத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கோர்டன் கீ, 2011-இல் சிக்கலில் மாட்டிய பயிற்சியாளரை நீக்குவீர்களா என்று கேட்டவர்களிடம், அவர் என்னை நீக்காமல் இருந்தால் சரி என்று பதில் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னதுதான் என்றாலும், கேட்டவர்களில் எத்தனை பேர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

அங்குள்ள பல அரசுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறையை மாணவர் கட்டணத்தைக் கொண்டே ஈடுகட்டுகிறார்கள். நம் மாநிலத்திலிருந்து மேற்படிப்புக்குச் செல்பவர்களும் அந்தக் கட்டணத்தைச் செலுத்துகிறார்கள். எனவே, வீரர்களுக்குத் தரும் புதிய தொகை எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது, அதற்குக் கையெழுத்திடுபவர் யார் என்பதையும் கட்டுரையாளர் தமது அடுத்த பகுதியில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி