15 கிலோவுக்குள் குடிநீர் அடங்காது

தலைமையகத் தளவாடப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் வடகிழக்கிலுள்ள பிராவ் நகருக்குச் செல்லும் விமானத்தில் களப்பணியாளர் ஆளுக்கு 15 கிலோ சுமைதான் என்ற உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. அந்த வரம்போடு எங்களுக்குச் சண்டை இல்லை. தலைநகர் பாங்கியிலிருந்து பிராவுக்கு 800 கிலோமீட்டர். செஸ்னா கேரவான் என்ற சிறு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. திரும்புவதற்கும் சேர்த்துப் பாங்கியிலேயே நிரப்ப வேண்டும். அது ஏறக்குறைய 1,000 லிட்டர், அதாவது 800 கிலோ. அந்தச் சிறு விமானம் தூக்குவதில் பாதிக்கு மேல் எரிபொருளுக்கே போய்விடுகிறது. மழையில் ஊறிய செம்மண் ஓடுதளமும் வெயிலில் இலேசாகிவிடும் காற்றும் சேர்ந்தால் சுமையை இன்னும் குறைத்தாக வேண்டும். இதில் விமானி வைத்ததுதான் சட்டம்.

எங்கள் மனத்தாங்கல் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. பிராவில் நாங்கள் தங்கும் நிறுவன விடுதியைப் பற்றி அது சொல்வது: “விடுதியில் எல்லா வசதியும் உண்டு. கொசுவலை, நீர் வடிகட்டி போன்றவற்றைத் தவிர்க்கவும்.” எந்த ஊர் விடுதி என்றும் எழுதியிருக்கலாம்.

அந்த வெயிலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 3 லிட்டர் வேண்டும். நான்கு நாளுக்கு 12 கிலோ. மீதி 3 கிலோவில் மடிக்கணினி, செயற்கைக்கோள் தொலைபேசி, மருந்து, மாற்றுத்துணி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே தண்ணீரை விடுதிதான் தரவேண்டும். விடுதியில் இருப்பது கலங்கிய கிணற்று நீரும் ஒரு டப்பா குளோரின் மாத்திரையும். 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் நீருக்குப் போதும்தான், நீர் தெளிந்ததாக இருந்தால். கலங்கல் நீரில் குளோரின் சேற்றோடும் மக்கோடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, துணியில் வடித்து, அதற்குப் பிறகுதான் மாத்திரை. அரைமணி கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். விடுதியில் படிகாரமும் இல்லை, சோதனைப் பெட்டியும் இல்லை. பீங்கான் வடிகட்டி ஒன்று உண்டு. அதன் கேண்டிலில் விரிசல். விரிசல் விட்ட கேண்டில் தண்ணீரை வடிகட்டாது, வழியவிடும்.

கொசுவலை இருக்கிறது, மறுக்கவில்லை. நான்கு மூலையிலும் கட்டவேண்டிய வலைக்குச் சுவரில் இரண்டு ஆணிகள். மற்ற இரு மூலைகளும் தூங்குபவர் மேல் தொய்ந்து கிடக்கின்றன; உடம்பில் வலை ஒட்டுமிடத்தில் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நிற்கிறது, மின்விசிறியும் நிற்கிறது. புழுக்கம் தாளாமல் தங்கியிருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வருகிறார்கள். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு தீவிரமாகக் கடிப்பதும் நள்ளிரவுக்கு மேல்தான். மலேரியாத் தடுப்பு மாத்திரை தருகிறோமே என்பீர்கள். விடியலில் வெறும் வயிற்றில் அந்த டாக்சிசைக்ளின் மாத்திரையை விழுங்கிவிட்டு மேகத்துக்குள் குலுங்கிப் போகும் கேரவானில் உட்கார்ந்தால், அன்றைய மாத்திரை காகிதப் பைக்குள் வந்துவிடும்.

காய்ச்சலோ கடித்த அன்றே வருவதில்லை. மலேரியாவில் மிக ஆபத்தான ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் 7 முதல் 14 நாள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் கடிபட்டவர் பாங்கிக்கோ விடுமுறையில் ஊருக்கோ போயிருப்பார். அதனால் உங்கள் பதிவேட்டில் பிராவ் விடுதிக்கு ஒரு மலேரியாகூட இல்லை. அப்பழுக்கில்லாத விடுதி!

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: எடையைக் கூட்ட வேண்டாம், விடுதியை நிரப்புங்கள். கட்டிலுக்கு ஒரு மருந்தூட்டிய வலை, நான்கு கொக்கிகள். இரண்டு புதிய கேண்டில், ஒரு மூட்டை படிகாரம், ஒரு குளோரின் சோதனைப் பெட்டி. விடியும்வரை மின்விசிறி ஓடுமளவுக்குச் சூரியத்தகடும் மின்கலமும்.

“உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாமே” என்ற உங்கள் யோசனைக்கும் நன்றி. பிராவ் சந்தைக்குச் சரக்கு வந்துகொண்டிருந்தது சூடானின் நியாலா பக்கமிருந்து. அங்கே 2023 ஏப்ரலில் போர் வெடித்தது. அதன் பிறகு பிராவ் சந்தைக்கு வந்தது சரக்கைவிட அகதிகள்தான் அதிகம். பிராவில் அவர்கள் தங்கும் கோர்சி முகாமில் இருப்பவர்களே சோப்புக்கும் உப்புக்கும் திண்டாடும்போது, அதே கடையில் நாமும் போட்டிக்கு நின்று விலையை ஏற்றிவிடுவது உதவி நிறுவனத்துக்கு அழகா? இன்னொன்று: தலைமையகத்திலிருந்து யாராவது வந்து தங்கும் இரவுகளில் மட்டும் அந்த ஜெனரேட்டருக்குப் பத்து மணி மறந்துபோகிறது. அந்த டீசல் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டால் பிராவ் இருக்கும் வகாகா மாகாணத்துக்கு லாரி மாதக்கணக்கில் போகாது. பிறகு ஒவ்வொரு கொக்கியும் அந்த 15 கிலோவுக்குள்தான் வரவேண்டும். சாலை காய்ந்திருக்கும்போதே புறப்படும் அடுத்த லாரியில் மேற்சொன்ன பொருள்களை ஏற்ற ஒப்புதல் தந்து விடுதியை நிரப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிராவ் களப்பணியாளர்கள்