விசா ஒன்று, டிக்கெட் மூன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பத்தே நாளில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து’ என்கிற வகைக் கட்டுரைகள் பயணப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. எங்கே போகலாம் என்பதெல்லாம் அவற்றில் தாராளமாக இருக்கிறது. எந்த மாதம் எது மூடியிருக்கும், எந்த டிக்கெட் எந்த ரயிலில் செல்லாது என்பது மட்டும் இருப்பதில்லை. குடும்பங்களின் பணமும் நாளும் கரைவது இந்த இரண்டில்தான். மூன்று நாட்டிலும் ஜெர்மன் பேசுகிறார்கள், மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும் என்பதால் ஏற்பாடும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ரயில் கட்டண முறையில் தொடங்கி சுவரில் இருக்கும் ப்ளக் வரை அங்கே எல்லாமே வேறு வேறு.

முதலில் மாதம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஆல்ப்ஸ் மலையின் கேபிள் கார்களில் பல ஓடுவதில்லை. பனிச்சறுக்கு சீசன் முடிந்து கோடை சீசன் தொடங்குவதற்குள் கம்பிவடத்தையும் சக்கரங்களையும் சோதித்துப் பராமரிக்கும் காலம் அது. நவம்பரிலும் இதே கதைதான். மலை ஹோட்டல்களில் சிலவும் அப்போது பூட்டியிருக்கும். 2,000 மீட்டருக்கு மேலுள்ள நடைபாதைகளில் ஜூன் தொடக்கம் வரைகூடப் பனி கிடக்கும். அதனால், விடுதிக்குப் பணம் கட்டும் முன் அந்தந்தக் கேபிள் காரின் இணையதளத்தில் ‘ரிவிஷன்’ என்ற தலைப்பில் தேதிகள் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். மே மாதத்தில் போகத்தான் வேண்டும் என்றால், சுவிட்சர்லாந்தில் ஆண்டு முழுவதும் ஓடும் மலை ரயில்களை நம்பலாம்: 1912 முதல் 3,454 மீட்டர் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ரயில், செர்மாட்டிலிருந்து 3,089 மீட்டருக்குப் போகும் கோர்னர்கிராட் ரயில் போன்றவை. பனி உருகும் காலம் என்பதால் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அருவிகளும் அப்போது நிறைந்து கொட்டும்.

மே, ஜூனில் இன்னொரு சிக்கல் விடுமுறைகள். ஈஸ்டரிலிருந்து கணக்கிட்டு வரும் கிறிஸ்தவத் திருநாள்களான இயேசுவின் விண்ணேற்ற நாளும் கார்ப்பஸ் கிறிஸ்டி நாளும் எப்போதும் வியாழக்கிழமைதான். உள்ளூர் மக்கள் வெள்ளிக்கிழமையும் லீவு போட்டு நான்கு நாள் கிளம்பிவிடுவார்கள். ரயிலும் நிரம்பும், விடுதி வாடகையும் ஏறும். கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலமான பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் விடுமுறை, பெர்லினில் இல்லை. இந்த நாள்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் திறப்பதில்லை. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கைகொடுக்கும். ஆஸ்திரியாவில் சனிக்கிழமை மாலை 6 மணிக்கே கடைகளைச் சாத்திவிடுவார்கள் என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் பாலையும் பழத்தையும் அன்று மதியமே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து டிக்கெட். ஜெர்மனியில் முன்கூட்டியே வாங்கும் மலிவு டிக்கெட்டில் குறிப்பிட்ட அந்த ரயிலில் மட்டுமே ஏறலாம். நம் தவறால் தவறவிட்டால் காசு போயிற்று. ஆனால் ரயில் தாமதத்தால் இணைப்பு ரயில் தவறினாலோ, போய்ச்சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலோ அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் கால் பங்கும், 120 நிமிடத்துக்குப் பாதியும் திரும்பக் கேட்கலாம். பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பெல்லாம். பத்து யூரோ மிச்சம் பிடிக்க வழியை இரண்டாக உடைத்துத் தனித்தனியாக வாங்கினால், முதல் ரயிலின் தாமதத்துக்கு இரண்டாவது டிக்கெட் பொறுப்பாகாது. செயலி காட்டும் ஏழு நிமிட இணைப்புகளையும் நம்ப வேண்டாம். பெட்டி, குழந்தை, முதியவர் என்று போகும்போது இருபது, முப்பது நிமிட இடைவெளி இருக்கும் இணைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிக்கெட் இருந்தால் இடம் இருக்கிறது என்று பொருளல்ல.

பவேரிய மாநிலத்துக்குள் சுற்ற ஐந்து பேர் வரை சேர்ந்து போகக்கூடிய ஒருநாள் டிக்கெட் இருக்கிறது. ‘பயர்ன் டிக்கெட்’ என்பார்கள். எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும்கூட அது செல்லும். ஆனால் மண்டல ரயில்களில் மட்டும்தான். அதே தடத்தில் ஓடும் அதிவேக ரயிலில் ஏறிவிட்டால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அது செல்லுபடியாகும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த 9 மணிக் கணக்கு எங்கே இடிக்கும் என்பதற்கு பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை நல்ல உதாரணம். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், நேரம் தவறினால் டிக்கெட் செல்லாது. மியூனிக்கிலிருந்து ஃபூஸ்ஸனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மலையடிவாரக் கிராமமான ஹோஹென்ஷ்வாங்காவுக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம். பிறகு மேட்டில் முப்பது, நாற்பது நிமிட நடை. குதிரை வண்டியில் ஏறினாலும் வாசல் வரை போகாது, கடைசித் துண்டை நடந்தே ஏற வேண்டும். வார நாளில் 9 மணிக்கு மேல் கிளம்பினால் கோட்டை வாசலைச் சேரப் பகல் ஒரு மணி ஆகிவிடும். 11 மணிச் சுற்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு பயர்ன் டிக்கெட்டையும் வாங்கினால் இரண்டில் ஒன்று வீண்தான். 1.30க்குப் பிறகான நேரத்தை எடுங்கள், அல்லது சனி, ஞாயிறில் போங்கள்.

சுவிட்சர்லாந்தில் நடைமுறையே வேறு. உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு தேவையில்லை. சாதாரண டிக்கெட்டுக்கு நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஸ்விஸ் டிராவல் பாஸா, பாதிக் கட்டண அட்டையா என்பதுதான் அங்கே கேள்வி. தினமும் ஊர் ஊராக மாறுபவர்களுக்கு பாஸ் சரி. ஒரே ஊரில் தங்கி, செலவு மிகுந்த மலைப் பயணம் ஒன்றிரண்டு போகிறவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டையே பெரும்பாலும் லாபம். யுங்ஃப்ராவ்யோக்கையே பாருங்கள்: கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் தாண்டிய மலைப் பகுதிக்கு பாஸில் கால் பங்கு தள்ளுபடிதான், அட்டையில் பாதி. ரிகி மலைக்கோ பாஸே முழுமையாகச் செல்லும். பாஸ் என்றால் எல்லாம் இலவசம் என்று எழுதுவது வாசகர்களைச் செலவில் மாட்டிவிடும்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் கிளம்பும் மலை ரயில் ட்ஸ்வைலூட்சினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். பெட்டியின் பக்கவாட்டிலும் நடைமேடைப் பலகையிலும் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற வேண்டும். குடும்பம் இரு பெட்டிகளில் சிதறி ஏறினால் இரு ஊர்களில் இறங்க நேரும். உச்சிக்கு டிக்கெட் வாங்கும் முன் அன்று காலை நேரலைக் கேமராவைப் பார்த்துவிடுங்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே மேகம் மூடியிருந்தால் பார்க்க ஒன்றுமே இருக்காது. அந்த உயரத்தில் தலைவலியும் மூச்சு வாங்குவதும் வரும். மெதுவாக நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

விசா விண்ணப்பத்தை அதிக நாள் தங்கும் நாட்டிடம் கொடுக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். உள் எல்லைகளில் சோதனையே இல்லை என்று எழுதுவதையும் திருத்த வேண்டும்: ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் வரும் ரயில்களில் 2024க்குப் பிறகும் போலீஸ் சோதனை நடக்கிறது. சால்ஸ்பர்க்குக்கு ஒருநாள் போய்வந்தாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஜெர்மனி, ஆஸ்திரியாவின் தடித்த வட்ட ப்ளக் சுவிஸ் சுவரில் நுழையாது. அங்கே மூன்று ஊசித் துளைகளுள்ள குறுகிய அறுகோணக் குழிதான். அடாப்டர் வாங்கும்போது இரண்டுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். கார்டு இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்தலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோ அல்லது ஃபிராங்கையே தேர்ந்தெடுங்கள்.

சைவர்களுக்கு ஒன்று. மெனுவில் வெறும் பான்கேக் துண்டுகள் போட்ட சூப் என்று தெரியும் ‘ஃபிரிட்டாட்டன்சுப்பெ’, வழக்கமாக மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வது. பாலாடைக்கட்டி சேர்த்த ‘கேசெஷ்பெட்ஸ்லெ’ நல்ல தேர்வு. ஆனால் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவியிருக்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

இனி வெளியிடும் பயணக் கட்டுரைகளின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: எந்த மாதத்துக்கு இந்தத் திட்டம், எந்த டிக்கெட், கடைசி ரயிலும் படகும் எத்தனை மணிக்கு. ஆஸ்திரியாவின் ஏரிக்கரை ஊரான ஹால்ஷ்டாட்டில் ரயில் நிலையம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது, மாலையில் படகு நின்றுவிட்டால் அங்கிருந்து ஊருக்குள் போவது சிரமம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசகர் அதற்கேற்ற ரயிலைப் பிடித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்