கழுவித் துடைக்கிற இடமா லோகோ ஷெட்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில்வே மின்மயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "மின்சார இஞ்சினில் பராமரிக்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஷெட்டுக்குப் போனால் கழுவித் துடைத்து அனுப்பிவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். மின்சார லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கழுவித் துடைத்ததற்கா உங்களுக்குப் பென்ஷன் தருகிறார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

தங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். பாதை நேராக இருந்தாலும் கம்பி நேராகப் போகாது. நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் பேண்டோவின், அதாவது இஞ்சின் கூரைமேல் நின்று கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கிற கையின், தலையில் இருக்கிற கார்பன் பட்டையை ஒரே இடத்தில் உரசி அறுத்துவிடும். வண்டி ஷெட்டுக்கு வந்ததும் கூரைமேல் ஏறி அந்தப் பட்டையை விரலால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தப்புகிற விரிசல் நகத்தில் தட்டும். ஏறுவதற்கு முன்னால் கரண்டைத் துண்டித்து, மிச்சக் கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் ராடு மாட்டி, ஸ்விட்ச் சாவி சூப்பர்வைசர் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏணியில் கால் வைப்போம். வாளியும் துணியுமாக ஏறுகிற இடமா அது?

இஞ்சினுக்கு அடியில் வேலை பார்க்கத் தோண்டிய பள்ளமான பிட்டில் இறங்கினால் வேலை வேறு மாதிரி. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். தேய்ந்து 1,016-க்கு வந்துவிட்டால் கழித்துவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதனைக்கு எடுப்போம். உள்ளே எங்காவது பொறி பறந்திருந்தால் எண்ணெயில் கரைந்திருக்கிற வாயு காட்டிக்கொடுத்துவிடும். மணல் பெட்டி என்று ஒன்று உண்டு. மழையில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவத்தான். ஈர மணல் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால் காயவைத்துச் சலித்துக் கொட்டுவோம். டபிள்யூ.ஏ.பி-7 போன்ற புது ரக த்ரீ ஃபேஸ் இஞ்சின்களின் மோட்டாரில், சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுத்துத் தேய்கிற கார்பன் பிரஷ் கிடையாது, அதை மாற்றுகிற வேலை மிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஒன்றுமே கிடையாது என்று எழுதினால் எப்படி?

கட்டுரைக்குப் போட்ட படம் இன்னும் விசேஷம். 'ஷெட்டில் நிற்கும் மின்சார இஞ்சின்' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். கூரையில் பேண்டோவே இல்லை. அது டீசல் இஞ்சின் ஐயா! எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் விளையாடுகிற பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "தருமபுரி வழித்தடமும் மின்மயமானதால் அப்பகுதி மக்களின் நெடுநாள் குறை தீர்ந்தது" என்று ஒரு வரி வேறு. எந்தக் குறை? எங்கள் குறை மொரப்பூர்–தருமபுரி பாதை. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடியது, பிற்பாடு ஓசூர் வரைக்கும் போனது. போர்க்காலத்தில், 1941-இல், அதை மூடினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போன சின்ன ரயிலும் போயிற்று. கிருஷ்ணகிரி 2004-இல் மாவட்டத் தலைநகரே ஆகிவிட்டது, ரயில் நிலையம்தான் இல்லை. மொரப்பூர்–தருமபுரி பாதை மொத்தமே 36 கிலோமீட்டர். 2019-இல் அதை மறுபடி போட அடிக்கல் நாட்டியதைக் கட்டம் கட்டிப் போட்டீர்கள். அப்புறம் தங்கள் நிருபரை இந்தப் பக்கமே காணோம்.

இன்னொன்று. 2007-இல் தெற்கு ரயில்வேயில் சேலம் கோட்டம் வந்தது. மொரப்பூர் அதில் இருக்கிறது. தருமபுரி ஸ்டேஷனோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். தலைமையகம் ஹூப்ளி. ஒரே மாவட்டம், இரண்டு ரயில்வே. பிளாட்பாரத்துக்கு ஒரு நிழற்கூரை கேட்க யாரைப் பார்ப்பது என்பதே ஜனங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று பக்கவாட்டில் ஷெட் பெயர் எழுதிய இஞ்சின்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. நிற்காத வண்டிகளே நிறைய. பெயரைப் படிப்பதோடு சரி.

போன வருடம் இந்தப் பாதைக் குறையையெல்லாம் எழுதியிருந்தேன். வணக்கத்தையும் ஊர்ப் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். இடநெருக்கடி, புரிகிறது. நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்கு பக்கம் தேவைப்படுகிறதே.

ஆகவே பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் பேண்டோ இருக்கிற இஞ்சின் படம் ஒன்றைப் போட்டு, முந்தைய படம் டீசல் இஞ்சின் என்று இரண்டு வரி திருத்தம் வெளியிடுங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற லோகோ ஷெட் ஃபிட்டர்,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்.