கைப்பிரதிக்கு இனி வாட்ஸ்அப் புரூஃப் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாமார்களுக்கும், உபதேசியார்களுக்கும், ஊழியம் செய்யும் அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும் பொறையாறு அச்சகத்திலிருந்து வணக்கம்.

வருகிற ஐப்பசி முதல், சுவிசேஷக் கைப்பிரதிகளுக்கு, அதாவது ஊழியத்தில் நீங்கள் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கு, வாட்ஸ்அப்பில் புரூஃப் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி) அனுப்பிச் சம்மதம் வாங்கும் பழக்கத்தை நிறுத்துகிறோம். தாளில் எடுத்துத் தருவோம். நீங்கள் கடைக்கு வந்து, வாய்விட்டு ஒருமுறை வாசித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சடிக்கப் பிளேட் போடுவோம். இதைச் சொன்னதும், "சீர்காழியிலிருந்து இதுக்குன்னு பஸ் ஏறி வரணுமா?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். நியாயம்தான். ஆனால் காரணத்தைக் கேளுங்கள்.

போன ஆடியில் நடந்தது. அம்மன் கோயில் நோட்டீஸ் ஒரு பக்கம், காதுகுத்துப் பத்திரிகை ஒரு பக்கம் என்று கடை திணறிக்கொண்டிருந்த நேரம். ஐயா ஒருவர் நாலாயிரம் கைப்பிரதி கேட்டிருந்தார். அவர் அனுப்பிய மேட்டர் தலைப்புக்கு வைத்த எழுத்துருவில் சரியாக விழவில்லை. அதனால் தலைப்பை மட்டும் நானே திரும்ப அடித்தேன். 'இன்றே உங்களுக்கு இரட்சிப்பு' என்று வர வேண்டியது, 'இன்றே உங்களுக்கு இரட்டிப்பு' என்று விழுந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்து. புரூஃபை போனில் அனுப்பினேன், ஐயா ஏதோ ஜெப வீட்டில் இருந்தபடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். அச்சேறிவிட்டது.

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் பாதி பிரதியைக் கொடுத்து முடித்த பிறகு அவருக்குப் போன் மேல் போன். "எவ்வளவு கட்டணும்? எத்தனை மாசத்துல இரட்டிப்பாகும்?" சீட்டுக் கம்பெனியில் பணத்தைத் தொலைத்த குடும்பம் ஊருக்கு நாலு இருக்கிற பகுதி இது. ஒருவர் திட்டவே திட்டியிருக்கிறார். ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தப்பு எங்களுடையது, நாலாயிரத்தையும் எங்கள் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தோம். கொடுத்துவிட்ட பிரதியைத் திரும்ப வாங்க முடியுமா?

ஈய எழுத்துக் கோத்த காலத்தில், அப்பா மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே போவார். கண் ஏமாறும் இடத்தில் காது பிடித்துவிடும். அதைத்தான் திரும்பக் கொண்டுவருகிறோம்.

பைபிள் வசனம் எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் எழுதித் தாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'நித்தியஜீவன்' என்று இருப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நிலைவாழ்வு'. தெரியாமல் நாங்கள் 'திருத்தி'விட்டால் அதுவும் வம்பு.

இன்னொன்று, எழுத்தின் அளவு. ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஆறு பக்கம். அதற்குள் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை அடக்கச் சொல்கிறீர்கள். எழுத்தை எட்டுப் பாயின்டுக்கு, பொடி எழுத்தாக, இறக்கினால்தான் அடங்கும். இந்த ஊர்ப் பக்கத்தில் அச்சு வந்த கதையை நினைத்துக்கொள்வேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706-இல் பக்கத்துத் தரங்கம்பாடியில் இறங்கியபோது இங்கே அச்சு கிடையாது, ஓலைதான். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் 1712-இல் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த வருடம் வந்தன. அவை பெரிய எழுத்துகள், தாளைத் தின்றன. தாளோ கப்பலில் வர வேண்டும். அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது. காகிதப் பட்டறையும் போட்டார்கள், வேறெங்கும் இல்லை, இதே பொறையாறில்தான். அவர்களுக்குத் தாள் இல்லாத குறை. நமக்கு அந்தக் குறை இல்லை. பன்னிரண்டு பாயின்டுக்குக் கீழே இனி அடிக்கப்போவதில்லை. மேட்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் சபைக்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்: உங்கள் கைப்பிரதி யாருக்காக எழுதப்படுகிறதோ, அந்த ஆள் நான்தான். 'அபிஷேகம் பெற்றுக்கொள்ளுங்கள்' என்றால் எனக்குப் பாலும் சந்தனமும்தான் ஞாபகம் வரும். 'ஆத்தும ஆதாயம்' என்றால் ஏதோ லாபக் கணக்கு என்று நினைப்பேன். குடித்துக்கொண்டிருந்தவர் எப்படி விட்டார் என்று நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவர் ஒரே பக்கத்தில் எழுதித் தந்தாரே, அதை எங்கள் பைண்டிங் பையன் மடிப்பதை நிறுத்திவிட்டு முழுதும் வாசித்தான். அவன் நின்று வாசித்து நான் பார்த்த கைப்பிரதி அது ஒன்றுதான்.

அடுத்தவர் சாமியைக் கேலி செய்யும் வரி இருந்தால் அடித்துத் தர மாட்டோம். இது பழைய விதிதான், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் வெளியே கொடுப்பதற்கு ஆர்ட் பேப்பர் வேண்டாம். ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் போதும், விலையும் குறைவு. கிறிஸ்துமஸ் பிரதிக்கும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைக்கும் கார்த்திகை பிறப்பதற்குள் மேட்டர் கொடுத்துவிடுங்கள். மார்கழியில் வந்து நின்றால் கடவுளே வந்தாலும் முடியாது.

புரூஃப் பார்க்கச் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. கண்ணாடியை மறந்து வருகிறவர்களுக்கு மேசை டிராயரில் அப்பாவின் கண்ணாடி இருக்கிறது. டீ நாங்கள் வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
அச்சகத்தார், பொறையாறு