பண்டமாற்று நோட்டு பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

எஸ்டேட் குடியிருப்பான லயத்து அக்காமார்களுக்கும், அண்ணன்மார்களுக்கும், பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஏலக்காயோ மிளகோ கொண்டுவந்தால் வரவு எழுதி, அதற்கு அரிசியும் சாமானும் கொடுக்கிறோமே, அந்தப் பண்டமாற்றுக் கணக்கு நோட்டைப் பற்றி இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "அஞ்சு கிலோ ஏலக்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன், நோட்டில் ஒரு கிலோதான் வரவு வைத்தார்கள்" என்று. பேசியது யாரென்று தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். ஆனாலும் வண்டிப்பெரியாற்றில் அப்பா காலத்திலிருந்து தராசு பிடிக்கும் கடையைப் பார்த்து எடைத் திருட்டு என்று சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவர் கொடுத்தது பச்சைக் காய். பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் போட்டு ஒரு ராத்திரியும் பகலும் சூடு காட்டி எடுத்தால், ஏறத்தாழ ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் உலர்ந்த காய் நிற்கும். மழையில் பறித்ததோ பிஞ்சு கலந்ததோ என்றால் அதுவும் நிற்காது. மிளகும் அப்படித்தான்: பச்சையாக மூன்று கிலோ, காய்ந்தால் ஒரு கிலோ. நன்றாகக் காய்ந்த மிளகில் ஈரம் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். பச்சைக் காயை நான், காயை ஏலம் விடும் புற்றடிக்கோ போடிக்கோ கொண்டுபோக முடியாது. உலர்த்துகூலி என் கையிலிருந்து போகிறது, வண்டி வாடகையும் என் கையிலிருந்து. உங்கள் நோட்டில் ஒரு கிலோ என்று எழுதியது உலர்ந்த காயின் கணக்கு, அதற்கு உலர்ந்த காயின் விலை. ஐந்து கிலோவுக்கும் அந்த விலையைப் போட்டால் அடுத்த மாதம் கடையில் அரிசி இருக்காது. தராசுக்கு வருடா வருடம் அரசு முத்திரை வைத்து வாங்குகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கல்லைத் தூக்கி வைத்துப் பார்க்கலாம்.

இந்த நோட்டு லாபத்துக்காகத் தொடங்கியதில்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 2000-க்குப் பிறகு தேயிலை விலை விழுந்து, நம் பீர்மேடு தாலுகாவில் தோட்டங்களைப் பூட்டிவிட்டு முதலாளிகள் போன நாட்களில் அப்பா தொடங்கியது. சம்பளம் இல்லை, ரேஷன் போதவில்லை. லயத்துக்குப் பின்னால் நின்ற நாலு மிளகுக்கொடியைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா அரிசி அளந்தார். பிறகு 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும், கூலிக்குச் சில்லறை இல்லாமல் எஸ்டேட்டே திண்டாடியபோது அதே நோட்டை நான் தூசு தட்டி எடுத்தேன்.

2018 ஆகஸ்ட்டை நான் மறக்க முடியாது. முல்லைப்பெரியாறு அணையில் தண்ணீர் 142 அடி தொட்டு, ஷட்டர் திறந்த தண்ணீர் ஊருக்குள் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை, மண் சரிந்து ரோடும் இல்லை. பணம் வைத்திருந்தவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். தையற்கார அக்கா கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுத்து மண்ணெண்ணெய் வாங்கிப் போனார். ஒரு அண்ணன் கடைக்குள் ஏறிய சேற்றை மூன்று நாள் அள்ளிப் போட்டு, பிள்ளைக்குப் பால்பொடி வாங்கினார். என் வீட்டு அடுப்புக்கு விறகு லயத்திலிருந்துதான் வந்தது. அந்த வாரம் கடை நின்றது உங்களால். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இந்தக் கணக்கு முறையை இப்போது ஏன் மாற்றுகிறேன் என்றால், பதினொரு வருடம் கணக்கு எழுதிய தம்பி திருப்பூருக்குப் போய்விட்டார். அவர் இருந்தவரை, உடனே சரக்கு வாங்காதவர்களுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சமாளித்தோம். சீட்டு கைமாறிக் கைமாறி ஆட்டோவுக்கும் முடிவெட்டுக்கும்கூடப் போனது. அதில் எனக்குப் பயம் வந்தது. காமர்ஸ் படிக்கும் என் மகள் அர்ஜென்டினா கதையைச் சொன்னாள். அங்கே 2001 டிசம்பரில் பேங்கில் போட்ட சொந்தப் பணத்தையே எடுக்க விடாமல் கட்டுப்பாடு வந்தபோது, லட்சக்கணக்கானவர்கள் பண்டமாற்றுச் சங்கங்களில் சேர்ந்தார்களாம். ரொட்டி சுடுகிறவர், துணி தைக்கிறவர், பல் பார்க்கிறவர் எல்லோரும் சீட்டில் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த வருடமே கள்ளச் சீட்டு புகுந்தது. மேசையில் இருந்த சரக்கைவிடச் சீட்டு அதிகமாகி, ஒரு கோப்பை மாவு வாங்கவே கட்டுக் கட்டாகச் சீட்டு கேட்டார்கள். 2002 முடிவதற்குள் பெரும்பாலான சங்கங்கள் கலைந்தன. நம் சீட்டில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே இனிச் சீட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு கைநோட்டு. வரவும் பற்றும் உங்கள் முன்னால் எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் தை முடிவதற்குள் சரக்காக வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எடுக்க முடியாது. காய் உலர்ந்ததாக மட்டும் கொண்டுவாருங்கள். உலர்த்த இடம் இல்லாத லயத்து ஆட்கள் மொத்தமாகச் சேர்ந்து வந்தால் ஸ்டோரில் நானே சொல்லிப் போட்டுத் தருகிறேன். கூலியைக் காயில் கழித்துக்கொள்வோம், அதையும் நோட்டில் தனியாக எழுதுவோம்.

வேலைக்குச் சரக்கு என்ற கணக்கு மாறவில்லை. மாவு மில்லில் உதவவும் மூட்டை இறக்கவும் ஆள் வேண்டும். தைக்கிற அக்காவுக்குக் கிழிந்த சாக்கு இப்போதும் அறுபது கிடக்கிறது.

நோட்டுக் கணக்கு எஸ்டேட் லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. குரல் பதிவு போட்ட அண்ணனும் வர வேண்டும். அவருடைய காயை அன்றைக்கே ஸ்டோரில் தனி முறத்தில் போட்டு, மறுநாள் அவர் முன்னாலேயே நிறுத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பலசரக்குக் கடை அண்ணாச்சி
வண்டிப்பெரியாறு